நவம்பரில் ஒரே பக்கம் நிற்கப் போகிறவர்கள்: பிரைமரி வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அமெரிக்காவில் கட்சி வேட்பாளர் யார் என்பதைத் தலைமை அறிவிப்பதில்லை. பிரைமரி என்கிற உட்கட்சித் தேர்தலில் வாக்காளர்கள்தான் முடிவு செய்கிறார்கள். தமிழ்நாட்டு அரசியலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. அங்கே பட்டியல் மேலேயிருந்து வரும். சீட் கிடைக்காதவர் சமாதானமாவார், இல்லை சுயேச்சையாக நிற்பார். இங்கே ஒரே கட்சிக்காரர்கள் மாதக்கணக்கில் ஒருவரை எதிர்த்து ஒருவர் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டுவிட்டு, நவம்பர் பொதுத் தேர்தலில் ஒரே வேட்பாளருக்காக ஒன்றாக வேலை செய்ய வேண்டும்.

நான் நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறேன். 2016-இல் பெர்னி சாண்டர்ஸுக்காக வேலை செய்தேன். பிரைமரியில் ஹிலரி கிளின்டனிடம் தோற்றோம். அந்த நவம்பரில் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 80,000-க்கும் குறைவான வாக்குகளில் ஜனநாயகக் கட்சி வெள்ளை மாளிகையை இழந்தது. எங்கள் பிளவு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மே மாதம் நான் பேசிய பேச்சுக்காக அக்டோபரில் என் போனை எடுக்காதவர்கள் இருந்தார்கள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று நினைக்கும் விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியிலிருந்து வரும், நான் இருப்பது அங்கே. குடியரசுக் கட்சியில் சேர்கிறவருக்கும் வேலை இதே வேலைதான்.

சேரும் முன்: விதிகளைப் படியுங்கள்

"ஏமாற்றிவிட்டார்கள்" என்ற பேச்சில் பாதி, விதி தெரியாததால் வருகிறது. அதனால் முதல் வாரம் முழுக்க விதிகளுக்கே கொடுங்கள்.

உங்கள் மாநிலத்தில் பிரைமரியில் யார் வாக்களிக்கலாம் என்று பாருங்கள். நியூ யார்க்கில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான். 2016 ஏப்ரல் 19-இல் நடந்த பிரைமரிக்கு, கட்சி மாற வேண்டியவர்கள் 2015 அக்டோபர் 9-க்குள் மாறியிருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஆறு மாதத்துக்கும் முன்பே! பிப்ரவரியில் ஆர்வம் வந்து சேர்ந்த எத்தனையோ சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் வாக்களிக்க முடியாமல் கொதித்துப் போனார்கள். கிளின்டனுக்கு வேலை செய்த பக்கத்து வீட்டுக்காரர் அந்த விதியை எழுதவில்லை. கோபம் என்னவோ அவர் மேல்தான் போனது. நியூ ஜெர்சியில் எந்தக் கட்சியிலும் பதியாதவர் வாக்குச்சாவடியிலேயே கட்சியைத் தேர்ந்துகொள்ளலாம். வேறு கட்சியில் பதிந்தவர் மாற 55 நாள் கெடு உண்டு. உங்கள் மாநிலத்துக் கெடுவை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டி மேல் ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, பிரதிநிதிகள் கணக்கு. கட்சி மாநாட்டில் வாக்களித்து அதிபர் வேட்பாளரை முடிவு செய்பவர்கள் இவர்கள். ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதம் தாண்டிய ஒவ்வொருவருக்கும் வாக்கு விகிதப்படி பிரதிநிதிகள் கிடைப்பார்கள். கொஞ்சம் முந்திவிட்டவரை எட்டிப் பிடிப்பது கடினம். பின்தங்கியவர் உடனே காணாமல் போவதும் இல்லை. போட்டி இழுத்துக்கொண்டே போகும். 2008-இல் ஒபாமாவும் கிளின்டனும் ஜனவரி 3 தொடங்கி ஜூன் 3 வரை மோதினார்கள். இதைப் புரிந்துகொண்டால், "கணக்குப்படி முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் விலகவில்லை" என்று எதிர் அணியைத் திட்ட வாய் வராது. மீதி மாநிலங்களின் மக்களுக்கும் வாக்களிக்க உரிமை உண்டு.

இன்னொன்று, நம்மவர்களுக்கு மிக முக்கியம். குடியுரிமை பெறாதவர் வாக்களிக்கக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் நன்கொடை தரலாம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் சம்பளமில்லாத் தொண்டராக உதவலாம், ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது. ஆர்வத்தில் இதை மீறி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வேட்பாளரைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது

ஒரு தாளை எடுத்து, உங்கள் வேட்பாளரை ஏன் ஆதரிக்கிறீர்கள் என்று இரண்டு காரணம் எழுதுங்கள். இரண்டும் அவரைப் பற்றியே இருக்க வேண்டும், போட்டியாளரைப் பற்றி அல்ல. அப்புறம், போட்டியாளரிடம் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒன்றை எழுதுங்கள். இந்த மூன்றாவது வரிதான் கடினம். எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. கடைசியில், குழந்தைகளின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்காகக் கிளின்டன் 1990-களில் உழைத்ததை எழுதினேன். அதை எழுதின பிறகு கதவு தட்டும்போது என் குரலே மாறிவிட்டது.

விமர்சனம் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரைமரியில் கேட்காத கேள்வியை வேறு எப்போது கேட்பது? 2019 ஜூன் 27-இல் மயாமி விவாத மேடையில் கமலா ஹாரிஸ், பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கப் பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பகுதிகளுக்கு அனுப்பிய திட்டத்தை ஜோ பைடன் எதிர்த்ததை நேருக்கு நேர் கேட்டார். கடுமையான கேள்வி. ஆனாலும் அது பைடனின் அரசியல் பதிவைப் பற்றியது, அப்படிப் பேருந்தில் போன சிறுமியாக அவரே வளர்ந்த அனுபவத்திலிருந்து வந்தது. பைடனை இனவெறியர் என்று தான் நினைக்கவில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் கேட்டார். 2020 ஆகஸ்ட் 11-இல் பைடன் அவரையே துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். எட்டு நாள் கழித்து, சென்னையிலிருந்து போன சியாமளா கோபாலனின் மகள் மாநாட்டு மேடையில் "சித்திகள்" என்று சொன்னபோது, எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு நொடி பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு விமர்சனத்தைச் சொல்லலாமா என்று சந்தேகம் வந்தால் ஒன்றே ஒன்றை யோசியுங்கள்: அக்டோபரில் எதிர்க்கட்சி இதை எடுத்து விளம்பரமாகப் போடுமா? 1988-இல் நியூ யார்க் பிரைமரி விவாதத்தில் அல் கோர், மாசசூசெட்ஸ் சிறைக் கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு தரும் திட்டம் பற்றி அந்த மாநில ஆளுநராக இருந்த சக போட்டியாளர் மைக்கேல் டுகாக்கிஸைக் கேட்டார். குடியரசுக் கட்சியின் ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டு தோண்டினார்கள். இலையுதிர் காலத்தில் அதுவே டுகாக்கிஸை வீழ்த்திய ஆயுதங்களில் ஒன்றானது. குடியரசுக் கட்சியிலும் இது நடந்திருக்கிறது. 1980-இல் ரேகனின் பொருளாதாரத் திட்டத்தை, பிரைமரியில் அவரை எதிர்த்து நின்ற மூத்த ஜார்ஜ் புஷ் பில்லி சூனியப் பொருளாதாரம் என்ற பொருளில் கேலி செய்தார். அந்த ஆண்டே ரேகனின் துணை அதிபர் வேட்பாளரானார். அந்தச் சொல்லை ஜனநாயகக் கட்சியினர் விடவே இல்லை.

திட்டம், வாக்களித்த வரலாறு, நிர்வாக அனுபவம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுங்கள். வயது, உடல், மதம், மனைவி மக்கள், "அவரை ஆதரிக்கிறவர்களெல்லாம் இப்படித்தான்" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். வேட்பாளரைத் திட்டினால் அவர் அநேகமாக மறந்துவிடுவார். ஆதரவாளரைத் திட்டினால் அவர் மறக்கமாட்டார், நாளைக்கு உங்களுக்குத் தேவைப்படுகிறவரும் அவர்தான்.

கதவு தட்டும்போது

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. கதவு திறக்கிறது, உள்ளே இருப்பவர் "நான் அந்தப் பக்கம்" என்கிறார். உங்களுக்கு வாதாடத் தோன்றும். வாதாடாதீர்கள். பிரைமரியில் ஒரு கதவில் நின்று பத்து நிமிடம் வாதாடி நான் ஒருவரைக்கூட மாற்றியதில்லை.

2016 மே மாதம் எங்கள் பேட்டையில் ஓர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். எனக்கு முன்பின் தெரியாதவர். சட்டையில் குத்தியிருந்த சாண்டர்ஸ் பிரசாரப் பட்டனைப் பார்த்ததும், "தம்பி, நான் ஹிலரிக்குத்தான் போடுவேன். எட்டு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஹிலரி வங்கிகளில் பேசுவதற்கு வாங்கிய கட்டணத்தை எடுத்து விட்டேன். அவர் முகம் இறுகியது. "என் பொண்ணு வயசுக்கு வந்தப்போ இந்த நாட்டுல ஒரு பொம்பளை ஜனாதிபதியா வரணும்னு நினைச்சேன். உங்களுக்கு அது சின்ன விஷயம்" என்று சொல்லிக் கதவை மூடினார். அவர் சொன்னது சரி. அந்தக் காத்திருப்பை நான் மதிக்கவே இல்லை.

இப்போது நான் செய்வது இது. "அப்படியா அக்கா, அவங்ககிட்ட உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்பேன். பதிலை முழுக்கக் கேட்பேன். பிறகு என் வேட்பாளரைப் பற்றி ஒரே வரி. கடைசியாக, "யார் ஜெயிச்சாலும் நவம்பர்ல பார்ப்போம்" என்று சொல்லி நன்றி கூறிக் கிளம்புவேன். இரண்டு நிமிடம் போதும். பிரசாரத்தின் வாக்காளர் பட்டியல் செயலியில் அவர் சொன்னதை உள்ளபடி குறித்துவிடுங்கள். எதிர் அணியின் உறுதியான ஆதரவாளரை "ஊசலாடுகிறார்" என்று குறித்தால், அடுத்த வாரம் இன்னொரு தொண்டர் போய் அவரைத் தொந்தரவு செய்வார்.

வாட்ஸ்அப் குழுக்கள்

தமிழ்ச் சங்கக் குழு, கோவில் குழு, தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் குழு இவற்றில் பிரசாரம் செய்யாதீர்கள். பெரும்பாலான சங்கங்களும் கோவில்களும் வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்புகள். அப்படிப்பட்ட அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ இயங்கச் சட்டத்தில் இடமில்லை. சட்டத்தை விடுங்கள், அந்தக் குழுவில்தான் நாளைக்குப் பொங்கல் விழாவுக்குச் சக்கரைப் பொங்கல் யார் செய்வது என்று பேச வேண்டும்.

ஆர்வமுள்ளவர்களுக்கென்று தனிக் குழு ஒன்று தொடங்குங்கள். தொடங்கும் அன்றே சொல்லிவிடுங்கள்: மூலம் தெரியாத படமோ குரல்பதிவோ அனுப்பக் கூடாது, போட்டியாளரைக் கேலி செய்யும் மீம் கூடாது, இரவு பத்து மணிக்குமேல் பதில் போடக் கூடாது. கடைசி விதியைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். மோசமான சண்டை எல்லாம் எங்கள் குழுவில் நள்ளிரவை ஒட்டித்தான் வந்தது. வேலை முடித்துக் களைத்துப் போய், விவாத நிகழ்ச்சி பார்த்துவிட்டு எழுதினால் சொல் தடிக்கத்தான் செய்யும்.

யாராவது தடித்த சொல் சொல்லிவிட்டால்? உங்கள் அணியைச் சேர்ந்தவர் என்றால் நீங்கள்தான் முதலில் கண்டிக்க வேண்டும், எதிர் அணி கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. 2008 மார்ச்சில் ஒபாமாவின் ஆலோசகராக இருந்த சமந்தா பவர், ஒரு ஸ்காட்லாந்து நாளிதழுக்குப் பேசும்போது கிளின்டனை அரக்கி என்ற பொருளில் ஒரு சொல் சொல்லிவிட்டார். அது வெளிவந்த கையோடு மன்னிப்புக் கேட்டு ஒபாமாவின் பிரசாரத்திலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு கிளின்டன் வெளியுறவு அமைச்சராக இருந்த அதே ஆட்சியில் அவரும் பணிக்கு வந்தார், பிறகு ஐ.நா. தூதரானார். தாமதிக்காமல், "ஆனால்" போடாமல் கேட்ட மன்னிப்பு பாதையைத் திறந்து வைக்கிறது.

வீட்டுக்குள்ளேயும் இது வரும். 2016-இல் நான் பார்த்த தமிழ்க் குடும்பங்களில் கல்லூரிப் பிள்ளைகள் பலர் சாண்டர்ஸ் பக்கம், அம்மா அப்பா கிளின்டன் பக்கம். சாப்பாட்டு மேசையில் அரசியல் வேண்டாம் என்று தடை போடாதீர்கள். பிள்ளைகள் கல்விக்கடனைப் பற்றிப் பேசினால் அது அவர்கள் வாழ்க்கை, காதுகொடுத்துக் கேளுங்கள்.

உண்மையான குறை இருந்தால்

ஒற்றுமை என்ற பெயரில் குறையை விழுங்கச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. விழுங்கிய குறை வேறு இடத்தில் வெடிக்கும்.

2016-இல் எங்கள் பிரைமரி ஜூன் 7. அதற்கு முந்தைய மாலை, கிளின்டன் வேட்பாளராகிவிட்டார் என்று அசோசியேட்டட் பிரஸ் அறிவித்துவிட்டது. எந்த மாநில வாக்காளரும் தேர்ந்தெடுக்காத, கட்சிப் பதவியால் மாநாட்டு வாக்கு பெற்ற சூப்பர் டெலிகேட்களிடம் கேட்டுக் கூட்டிய கணக்கு அது. மறுநாள் நாங்கள் கதவு தட்டியபோது, "முடிஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே" என்றார்கள் மக்கள். ஜூலையில் கட்சித் தலைமையக மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. சில அலுவலர்கள் சாண்டர்ஸுக்கு எதிராகப் பேசியிருந்தது தெரிந்தது, கட்சித் தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ் மாநாட்டுக்கு முந்தைய நாள் பதவி விலகுவதாக அறிவித்தார். எங்கள் கோபத்துக்கு நியாயம் இருந்தது.

சிலர் கட்சியை விட்டே போனார்கள். வேறு சிலர் உள்ளே இருந்து விதியை மாற்றினார்கள். கட்சி இரு தரப்பையும் கொண்ட சீர்திருத்த ஆணையம் ஒன்றை வைத்தது. 2018 ஆகஸ்ட் 25-இல் தேசியக் குழு வாக்களித்தது: போட்டியுள்ள மாநாட்டில் சூப்பர் டெலிகேட்கள் முதல் சுற்றில் வாக்களிக்க முடியாது. இரண்டு ஆண்டுப் பொறுமைக்குக் கிடைத்த பலன்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த வாக்குச்சாவடி, யார் பார்த்தார்கள் என்று அன்றே எழுதுங்கள். உங்கள் அணியின் சட்ட உதவி எண்ணுக்கும் மாவட்டக் கட்சிக் குழுவுக்கும் அனுப்புங்கள். பதில் வரும்வரை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள்.

முடிவு வந்த இரவு

தோற்றால் அழுதுகொள்ளுங்கள். ஆறு மாதம் உழைத்ததற்கு அந்த அளவு உரிமை உண்டு. உங்கள் தொண்டர்களை அழைத்து நன்றி சொல்லுங்கள், பீட்சா வாங்கிக் கொடுங்கள். எதையும் பொதுவில் எழுதாதீர்கள்.

ஜெயித்தால் உங்கள் பொறுப்புதான் பெரிது. தோற்றவர் அந்த இரவே வந்து சேர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2008-இல் கடைசிப் பிரைமரிகள் ஜூன் 3-இல் முடிந்தன, கிளின்டன் ஜூன் 7-இல் விலகி ஒபாமாவை ஆதரித்தார். 2016-இல் சாண்டர்ஸ் ஜூலை 12 வரை எடுத்துக்கொண்டார். 2020-இல் அவரே ஏப்ரல் 8-இல் விலகி, ஐந்தே நாளில் பைடனை ஆதரித்தார். காலம் மனிதருக்கு மனிதர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவசரப்படுத்தினால் காரியம் கெடும்.

வென்றவர் என்ன கொடுக்கிறார் என்பதைத் தோற்றவர்கள் உற்றுப் பார்ப்பார்கள். 2008-இல் கிளின்டனின் பிரசாரக் கடனை அடைக்கத் தன் நன்கொடையாளர்களிடம் ஒபாமா கேட்டார், தானும் அன்றைய உச்சவரம்பான 2,300 டாலருக்குக் காசோலை எழுதினார். ஜூன் 27-இல் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து பிரசார மேடையேறியது நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சிற்றூரில். ஒற்றுமை என்ற பெயர் மட்டும் காரணமல்ல, அந்த ஊர்ப் பிரைமரியில் இருவருக்கும் ஆளுக்கு 107 வாக்கு விழுந்திருந்தது. ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில், வாக்கெடுப்பை நிறுத்திவிட்டு ஒருமனதாக ஒபாமாவை அறிவிக்கலாம் என்று முன்மொழிந்தவர் கிளின்டனேதான்.

2020-இல் பைடன் இன்னும் ஆழமாகப் போனார். இரு தரப்பும் சேர்ந்த ஆறு பணிக்குழுக்கள் அமைத்தார்கள். மருத்துவக் குழுவுக்கு சாண்டர்ஸ் தரப்பில் சென்னையில் பிறந்த பிரமீளா ஜெயபாலும் பைடன் தரப்பில் மருத்துவர் விவேக் மூர்த்தியும் இணைத் தலைவர்கள். ஜூலையில் அறிக்கை வந்தது. சாண்டர்ஸ் கேட்ட அனைவருக்குமான மெடிகேர், அதாவது எல்லோருக்கும் அரசே தரும் மருத்துவக் காப்பீடு, அதில் இல்லை. ஆனாலும் தங்கள் கை பட்ட ஆவணம் ஒன்று எங்கள் பக்கத்து ஆட்களிடம் இருந்தது. இது கைகுலுக்கலைவிடப் பெரிது என்பது என் எண்ணம். 1980-இல் பிரைமரியில் தோற்ற டெட் கென்னடி, வென்ற அதிபர் ஜிம்மி கார்ட்டரோடு மாநாட்டு மேடையேறினார், கைகுலுக்கினார். எல்லோரும் எதிர்பார்த்தபடி கைகோத்து உயர்த்தவில்லை. நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. மனம் சேராத இடத்தில் மேடையில் மட்டும் சேர்த்து நிறுத்தினால் விரிசல் இன்னும் பளிச்சென்று தெரியும். நவம்பரில் கார்ட்டர் 44 மாநிலங்களை இழந்தார்.

அடுத்த இரண்டு வாரம்

உங்கள் ஊர் அளவில் இதையெல்லாம் செய்ய அதிபர் வேட்பாளர் தேவையில்லை.

ஒரு வாரம் கழித்து, தோற்ற அணியின் முக்கியமான தொண்டர் ஒருவரை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். குறுஞ்செய்தி வேண்டாம். உதவி கேட்காதீர்கள், காபி குடியுங்கள், அவர் எதை இழந்ததாக நினைக்கிறார் என்று கேளுங்கள். அடுத்த சந்திப்பில், உதவியாளர் வேலை கொடுக்காமல் பொறுப்பாகவே ஒன்றை ஒப்படையுங்கள்: ஒரு பேட்டையின் வாக்காளர் பட்டியல், சனிக்கிழமை நடை, கல்லூரி மாணவர் குழு. அவர் கொள்கையில் உங்கள் வேட்பாளரும் ஏற்ற ஒன்றைப் பிரசார அட்டையில் முதல் வரியாக அச்சடியுங்கள். கதவு தட்டப் போகும்போது அணிக்கு ஒருவராக இருவரைச் சேர்த்து அனுப்புங்கள். ஒரே காரில் மூன்று மணி நேரம் போனால், பாதி வழியில் பேச்சு பிள்ளைகள் படிப்புக்கு வந்துவிடும்.

வர மறுப்பவரை "உங்களால்தான் தோற்கப் போகிறோம்" என்று மிரட்டாதீர்கள். பள்ளி வாரியத்துக்கும் நகர மன்றத்துக்கும் அதே நாளில் தேர்தல் இருந்தால், "இவருக்காக மட்டும் வாங்களேன்" என்று கேளுங்கள். பலர் அப்படித்தான் திரும்பி வருகிறார்கள்.

அந்த அக்கா வீட்டுக்கு நான் 2016 செப்டம்பரில் மறுபடி போனேன். மே மாதம் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். நிற்க வைத்தே கேட்டார், உள்ளே கூப்பிடவில்லை. கடைசியில், "ஞாயித்துக்கிழமை பென்சில்வேனியாவுக்கு வண்டி போகுது, ஒரு சீட் இருக்கு" என்றார். காலை ஆறரைக்குப் போய் நின்றேன். அவர் வண்டி ஓட்டினார், வழி முழுக்க அதிகம் பேசவில்லை. ஈஸ்டன் ஊரில் இறங்கியதும் தெருப் பட்டியலை என் கையில் கொடுத்து, "இடது பக்கம் நீ, வலது பக்கம் நான்" என்றார்.